இளையராஜாவின் கிட்டார்: பண்ணைப்புரத்துக் குரலும் சென்னைக் கருவியும்

இளையராஜாவைப் பற்றி வந்துள்ள கட்டுரைகளில் இசையமைப்பாளர் நிறைந்திருக்கிறார். கிட்டார் கலைஞர் இரண்டு வரிகளில் முடிந்துவிடுகிறார். 1976இல் 'அன்னக்கிளி' வெளிவரும் வரை அவர் பிறருடைய இசைப்பதிவுகளில் கிட்டார் வாசித்தவர். அதற்கு முன்பு, பதினான்கு வயதிலிருந்து, அண்ணனின் குழுவோடு ஊர் ஊராகச் சென்று பாடியவர். இந்த இருவரும் அவருடைய இசைக்குள் என்ன ஆனார்கள் என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

அண்ணனின் மேடை

இளையராஜா 1943இல் பண்ணைப்புரத்தில் பிறந்தார். இன்று தேனி மாவட்டத்தில், உத்தமபாளையம் வட்டாரத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கும் ஊர் இது. அன்று மதுரை மாவட்டத்தைச் சேர்ந்தது. கம்பம் பள்ளத்தாக்கு மக்களுக்கு மலை என்பது வேடிக்கை பார்க்கும் இடம் அல்ல, கூலிக்குப் போகும் இடம். போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக ஏறினால் ஏலத்தோட்டங்களும் தேயிலைத் தோட்டங்களும் வரும். 1956இல் மாநிலங்கள் பிரிக்கப்பட்டபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றுவிட்டன. தோட்டங்களில் கொழுந்து பறித்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்களாகவே இருந்தார்கள்.

1958இல் தேவிகுளத்தில் இடைத்தேர்தல் வந்தது. கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸுக்காகத் தோட்டம் தோட்டமாகப் பாடப் போனவர் பாவலர் வரதராஜன், இளையராஜாவின் மூத்த அண்ணன். அந்தப் பள்ளத்தாக்கின் உண்மையான 'ப்ளூஸ்' பாடகர் என்று ஒருவரைச் சொல்லவேண்டுமென்றால் நான் அவரைத்தான் சொல்வேன். ப்ளூஸின் இசை இலக்கணம் அவரிடம் இருந்தது என்று சொல்லவரவில்லை. கூலிவேலை செய்பவர்கள் முன்னால், அவர்களுடைய பேச்சிலேயே, அவர்களுடைய குறையைப் பாடுவது என்ற தொழில் இரண்டுக்கும் ஒன்று. இளையராஜாவும் பாஸ்கரும் கங்கை அமரனும் பழகியது அந்த மேடையில்தான்.

அந்த மேடையின் கருவி ஆர்மோனியம். இதைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். கை ஆர்மோனியத்தில் ஒரு கை துருத்தியை இயக்குகிறது. கட்டைகளுக்கு மிஞ்சுவது ஒரு கைதான். அதனால் நம் மேடைகளில் அது பாடகரின் குரலை நிழல்போலத் தொடரும் கருவியாகிவிட்டது. பாடகர் மூச்சு வாங்கும் இடத்தை நிரப்பும், அடுத்த அடிக்குச் சுருதி எடுத்துக்கொடுக்கும். குரலுக்கு எதிராகத் தனியாக இன்னொரு பாதையில் நடப்பது அதன் வழக்கம் அல்ல.

தன்ராஜ் மாஸ்டரின் அறை

1960களின் இறுதியில் சகோதரர்கள் சென்னைக்கு வந்தார்கள். மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டரிடம் இளையராஜா மேற்கத்திய இசை படித்தார். ராசய்யாவை 'ராஜா' ஆக்கியவர் அவர்தான். 'இளைய' என்பது பின்னால் பஞ்சு அருணாசலம் சேர்த்தது. லண்டன் ட்ரினிட்டி இசைக் கல்லூரியின் கிளாசிக்கல் கிட்டார் தேர்வில் தங்கப் பதக்கம் பெற்றதும், ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்ததும், சலீல் சௌத்ரியின் பதிவுகளில் வாசித்ததும் அன்னக்கிளிக்கு முந்தைய ஆண்டுகளில்.

ஏன் கிட்டார்? பரம்பரை குருகுலமோ சபாத் தொடர்போ இல்லாத ஒரு கிராமத்து இளைஞனுக்கு வீணையும் வயலினும் அன்று எளிதில் திறக்கும் கதவுகள் அல்ல. கிட்டாருக்குத் தமிழ்நாட்டில் பரம்பரை உரிமையாளர் யாரும் இல்லை. நோட்டு படிக்கத் தெரிந்து, கை சுத்தமாக இருந்தால் ஸ்டுடியோவில் வேலை உண்டு.

இசைக் காரணமும் ஒன்று இருக்கிறது, அது இன்னும் முக்கியமானது. கிளாசிக்கல் கிட்டாரில் வலதுகைக் கட்டைவிரல் தடித்த தந்திகளில் கீழ்ச்சுரங்களை எடுத்துச் செல்ல, மற்ற விரல்கள் மேலே மெட்டை மீட்டுகின்றன. ஒரே ஆள், ஒரே நேரத்தில், இரண்டு குரல்கள். ஆர்மோனியத்தில் நிழலாகப் பழகிய ஒரு காது, இங்கே முதன்முதலாகத் தன் விரல்களிலேயே உரையாடலைக் கேட்கிறது. இளையராஜாவின் பேஸ் வரிகளை வியக்கிறவர்கள் பாக்கிடமிருந்து வந்தது என்று உடனே சொல்லிவிடுகிறார்கள். பாக் உண்டுதான், 1986இல் வந்த 'ஹவ் டு நேம் இட்?' அதை வெளிப்படையாகவே ஒப்புக்கொள்கிறது. ஆனால் பாக்கைப் புத்தகத்தில் படித்த பலருக்கும் அந்தப் பேஸ் வரவில்லை. கட்டைவிரலில் பழகியவருக்கு வந்தது.

ஓர் ஐரிஷ் ஒப்பீடு

இங்கே ஒரு ஐரோப்பியரை அழைத்துக்கொள்ளலாம். ரோரி காலகர் 1948இல் அயர்லாந்தின் பாலிஷானனில் பிறந்து கார்க் நகரில் வளர்ந்தார். பதினைந்து வயதில், 1963இல், ஏற்கெனவே ஒருவர் பயன்படுத்திய ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரைக் கடனுக்கு வாங்கினார். நடன அரங்குகளில் அன்றைய பிரபலப் பாடல்களை வாசித்துக் காட்டும் 'ஷோபேண்ட்' குழுக்களில் சேர்ந்து ஊர் சுற்றினார். 1966இல் 'டேஸ்ட்' குழு, 1971இலிருந்து தனிப்பெயரில் இசைத்தட்டுகள். வட அயர்லாந்தின் கலவரக் காலத்தில் பல குழுக்கள் ஒதுங்கிய பெல்ஃபாஸ்டில் அவர் வாசித்தார். 'ஐரிஷ் டூர்' என்ற 1974ஆம் ஆண்டுப் பதிவில் அந்த ஊரும் இருக்கிறது. 1995இல், 47 வயதில் இறந்தார்.

தொடக்கம் ஏறக்குறைய ஒன்றுதான்: தலைநகரத்திலிருந்து தள்ளியிருக்கும் ஊர், பதின்வயதில் ஊர் சுற்றும் குழு, பிறர் மெட்டுகளில் பயிற்சி. அதன் பிறகு பாதை பிரிகிறது. காலகர் கடைசிவரை தானே பாடி, தன் குரலுக்குத் தன் கிட்டாராலேயே பதில் சொன்னார். ப்ளூஸின் அடிப்படை இலக்கணம் அதுதான். பாடகர் ஓர் அடி பாடுவார், கிட்டார் மறுமொழி கூறும், இரண்டும் ஒரே உடம்பிலிருந்து வரும். தமிழ்த் திரையிசையில் அந்த உடம்பைப் பங்குபோட்டுக்கொள்ள ஆட்கள் இருந்தார்கள். மெட்டுக்கு ஒருவர், வரிக்கு ஒருவர், குரலுக்கு ஒருவர், கிட்டாருக்கு ஒருவர். இளையராஜா கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு அதைத் தாளில் எழுதத் தொடங்கினார்.

பாடல்களில் நடந்தது

அவருடைய நூறாவது படமான 'மூடுபனி'யில் (1980) 'என் இனிய பொன் நிலாவே' கிட்டாரோடு தொடங்குகிறது. பாடுவது யேசுதாஸ். 'பயணங்கள் முடிவதில்லை'யில் (1982) 'இளைய நிலா' முழுக்கப் பிரித்து மீட்டும் கிட்டாரின் மேல் மிதக்கிறது. பாடுவது எஸ்.பி. பாலசுப்ரமணியம், வாசித்தவர் ஆர். சந்திரசேகர். இந்தப் பாடல்களில் கிட்டார் குரலுக்குப் பதில் சொல்வதில்லை, குரலோடு கூடவே நடக்கிறது. நிறுத்தி நிறுத்திப் பேசும் ப்ளூஸ் கிட்டாருக்கும், ஓடையாக ஓடும் இந்தக் கிட்டாருக்கும் உள்ள வேறுபாடு காதுக்கு உடனே தெரியும். 'இளைய நிலா' மெட்டு 1983இல் 'கலாகார்' படத்தில் இந்திக்குப் போய் அங்கும் வெற்றி பெற்றது. கிட்டார் கற்கும் மாணவர்கள் முதலில் வாசித்துப் பார்க்கும் தமிழ்ப் பாடலும் பெரும்பாலும் அதுவே.

இன்னொரு பக்கம், இளையராஜா தானே பாடிய பாடல்களைப் பாருங்கள். அல்லிநகரத்துப் பாரதிராஜாவின் '16 வயதினிலே'யில் (1977) 'சோளம் வெதக்கையிலே'. 'தாய் மூகாம்பிகை'யில் (1982) 'ஜனனி ஜனனி'. 'நாயகன்' படத்தில் (1987) 'தென்பாண்டிச் சீமையிலே'. மெருகேறாத, மூக்கடியில் சற்றுக் கரகரக்கும், வட்டார உச்சரிப்பை மறைக்காத குரல். இவற்றில் கிட்டார் பின்னுக்குப் போய்விடுகிறது அல்லது இல்லவே இல்லை. தாய், மண், சாமி, இழப்பு என்றால் பண்ணைப்புரத்துக் குரல். நிலா, காதல், நகரத்து இளைஞன் என்றால் சென்னைக் கிட்டாரும் வேறொருவர் குரலும். ஏறக்குறைய ஒரு வேலைப் பிரிவினையே நடந்திருக்கிறது.

விதிவிலக்குகள் உண்டு. 'அலைகள் ஓய்வதில்லை'யில் (1981) ஜென்ஸியுடன் பாடிய 'காதல் ஓவியம்', 'ஆட்டோ ராஜா'வில் (1982) எஸ். ஜானகியுடன் பாடிய 'சங்கத்தில் பாடாத கவிதை' ஆகிய இரண்டிலும் அந்தக் கரகரப்பான குரல் மேற்கத்திய ஒத்திசைவின் மேல் நிற்கிறது. இரண்டாவது பாடலில் பேஸ் கிட்டார் குரலுக்குக் கீழே தனியாக ஒரு மெட்டையே பாடிக்கொண்டு போகிறது. என்னைக் கேட்டால் அவருடைய சிறந்த பாடகத் தருணங்கள் இங்கேதான் இருக்கின்றன, பலரும் கொண்டாடும் தாய்ப்பாட்டுகளில் அல்ல. பிரிந்துபோன இருவரும் சில நிமிடங்கள் மறுபடி சந்திக்கிறார்கள். இந்த வழியில் அவர் இன்னும் பத்துப் பாடல்களாவது பாடியிருக்கலாம் என்ற குறை எனக்கு உண்டு.

இந்தப் பிரிவினையால் லாபம் இல்லாமல் இல்லை. ஒரே மனிதர் பாடி வாசித்தால் அவருடைய இரண்டு கைக்குள் அடங்குவதுதான் இசை. தாளில் எழுதியதால் கிட்டாரின் இரட்டைக் குரல் வயலின் கூட்டத்துக்கும் புல்லாங்குழலுக்கும் பேஸுக்கும் பரவியது. 'பருவமே புதிய பாடல் பாடு' ('நெஞ்சத்தைக் கிள்ளாதே', 1980) போன்ற ஒரு பாடலில், தொடையில் தட்டிய தாளத்தைச் சுற்றி இத்தனை இழைகள் ஒன்றையொன்று மிதிக்காமல் ஓடுவது அந்தப் பழக்கத்தின் விளைவு.

இழப்பு யாருக்கு என்றால் வாசித்தவர்களுக்கு. காலகரின் ஒவ்வொரு சுரமும் காலகரின் பெயரில் இருக்கிறது. எண்பதுகளின் ஒலிநாடா உறைகளில் படத்தின் பெயரும் பாடியவர் பெயரும் இருந்தன. கிட்டார் வாசித்த சந்திரசேகரோ சதானந்தமோ, பேஸ் வாசித்த சசிதரனோ அங்கே இல்லை. அந்தப் பெயர்களை ரசிகர்கள் அறிந்தது பெரும்பாலும் பிற்காலப் பேட்டிகளின் வழியாகத்தான். தானே பெயரில்லாமல் பிறருக்கு வாசித்த ஒருவரின் இசையிலும் இப்படி நடந்தது என்பதைத் தனிமனிதக் குறையாகப் பார்க்கவேண்டியதில்லை, தொழிலின் வழக்கம் அப்படி. ஆனாலும் விமர்சகர்கள் அதே வழக்கத்தைத் தொடர்வதற்குக் காரணம் எதுவும் இல்லை. 'ராஜாவின் கிட்டார்' என்று எழுதும்போது, அது யாருடைய விரல் என்றும் சேர்த்து எழுதலாம்.

இப்போதும் மேடைக் கச்சேரிகளில் கிட்டார் கலைஞர்கள் ஒரு பக்கம் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். இளையராஜா நடுவில் உட்கார்ந்து 'ஜனனி ஜனனி' பாடத் தொடங்குவார். அவர் கை வைத்திருப்பது ஆர்மோனியத்தில்.