பதின்மூன்று வகையும் ஒரு குடவோலையும்

உயரமான பையனை ரிங்குக்குக் கீழே நிறுத்து, குட்டையானவனிடம் பந்தைத் தட்டிக்கொண்டு போகச் சொல். கூடைப்பந்து அணியை நம் பி.டி. மாஸ்டர்கள் மட்டுமல்ல, பெரிய பயிற்சியாளர்களும் நெடுங்காலம் ஏறக்குறைய இப்படித்தான் பிரித்தார்கள். பாயிண்ட் கார்டில் தொடங்கி சென்டரில் முடியும் ஐந்து இடங்கள் அப்படி நிலைத்தவை. 2012-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர் முத்து அழகப்பன் இதைக் கேள்விக்குள்ளாக்கினார். 2010-11 என்.பி.ஏ. பருவத்தின் 452 ஆட்டக்காரர்களை எடுத்துக்கொண்டார். புள்ளி, ரீபவுண்ட், அசிஸ்ட், ஸ்டீல், பிளாக், டர்னோவர், ஃபவுல் என ஏழு கணக்குகளை ஆடிய நிமிடத்தால் வகுத்து, ஒத்த ஆட்டக்காரர்களை அருகருகே சேர்க்கும் மென்பொருளில் இட்டார். ஐந்து இடங்கள் பதின்மூன்று வகைகளாயின.

இதன் பலம் 2011 சாம்பியன் டல்லாஸ் அணியில் தெரிகிறது. டிர்க் நோவிட்ஸ்கி, டைசன் சாண்ட்லர் இருவருமே ஏழடி ஆட்கள். உயரத்தைப் பார்த்தால் ஒரே வேலைக்கு இரண்டு பேர். கணக்கைப் பார்த்தால் ஒருவர் புள்ளி குவித்து ரீபவுண்டும் எடுப்பவர், மற்றவர் வளையத்தைக் காப்பவர். ஒருவர் விட்டதை மற்றவர் நிரப்பினார். அதே பருவத்தில் 82 ஆட்டங்களில் 17 மட்டுமே வென்ற மின்னசோட்டாவில் வகைகள் இப்படிப் பரவி இல்லை என்று அழகப்பன் காட்டினார். அணியில் எந்த வேலைக்கு ஆள் இல்லை என்பதை இந்தக் கருவி தெளிவாகச் சொல்கிறது.

ஆனால் முடிவு தெரிந்த பிறகு முதல் அணியையும் கடைசி அணியையும் ஒப்பிடுவது நிரூபணம் ஆகாது. அந்தப் பருவத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது பெற்ற டெரிக் ரோஸ் எந்தக் கூட்டத்திலும் சேராமல் தனியே நின்றார். ஷேன் பாட்டியேவோ சாதாரணத் துணை ஆட்டக்காரர்களோடு சேர்க்கப்பட்டார். அவர் களத்தில் இருந்தால் எதிரணியின் நட்சத்திரம் தடுமாறுவார் என்று ஹூஸ்டன் அணி அவரை மதித்து வைத்திருந்தது. அந்தத் தடுமாற்றம் ஏழு கணக்குகளில் எதிலும் பதிவாகாது. இன்னொரு சிக்கலும் உண்டு. ஓர் ஆட்டக்காரருக்கு அசிஸ்ட் குறைவாக இருப்பது அவரால் முடியாததாலா, பயிற்சியாளர் பந்தையே கொடுக்காததாலா? எண் அதைச் சொல்லாது.

ஆளை வகைப்படுத்தித் தேர்ந்தெடுப்பது நமக்குப் புதிதல்ல. காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் முதலாம் பராந்தக சோழன் காலத்து ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு, அதாவது குழுக்களுக்கு, ஆள் எடுத்த முறையைச் சொல்கின்றன. வரி கட்டும் கால்வேலி நிலம், சொந்த மனையில் வீடு, வேதக் கல்வி ஆகியவை தகுதிகள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கு இடமில்லை. தகுதி உள்ளவர் பெயர்கள் எழுதிய ஓலைகள் குடத்துக்குள் போயின, ஆளைத் தீர்மானித்தது குடத்திலிருந்து எடுத்த ஓலை. 919-இல் 30 முதல் 60 வரை இருந்த வயது வரம்பை 921-இல் 35 முதல் 70 வரை என்று திருத்தினார்கள். தகுதிப் பட்டியல் வடிகட்டத்தான், அதையும் அவ்வப்போது திருத்த வேண்டும் என்ற தெளிவு அதில் உண்டு. அதன் குறையும் அங்கேயே இருக்கிறது. நிலமும் வீடும் வேதமும் கணக்கில் வந்ததால் ஊரில் பெரும்பாலோர் குடத்தை எட்டவே இல்லை. எதை எண்ணுகிறோமோ அதுதான் ஆளைக் காட்டும். ஏழு கணக்குக்கும் இதே விதிதான்.

இதே உத்திரமேரூரில் இன்று ஒரு பள்ளி அணிக்கு இம்முறையைக் கொண்டுவர நினைத்தால் முதல் தடை ஸ்கோர் ஷீட்டிலேயே வரும். யார் எத்தனை புள்ளி, யார் எத்தனை ஃபவுல் என்பது அதில் இருக்கும். ரீபவுண்ட், அசிஸ்ட் இருக்காது. ஒருவன் எத்தனை நிமிடம் ஆடினான் என்பதும் இருக்காது. மிஞ்சும் இரண்டு எண்களை வைத்து வகை பிரித்தால் புள்ளி அடிப்பவன் மட்டுமே கண்ணில் படுவான்.

எனவே மென்பொருளுக்கு முன்னால் ஒரு நோட்டு வேண்டும். பெஞ்சில் இருக்கும் மாணவன் ரீபவுண்டையும், தட்டிவிட்ட பாஸையும், மறித்து நின்ற தடுப்பையும் கோடு போட்டு எண்ணட்டும். அணியில் எந்த வேலைக்கு ஆள் இல்லை என்பதை அந்த நோட்டு சொல்லும். அந்த வேலைக்கு யார் என்பதை மாஸ்டர் ஆட்டத்தைப் பார்த்து முடிவு செய்யட்டும். இரண்டாவதையும் நோட்டிடமே விட்டால், நாம் எண்ணத் தவறிய திறமை பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கும்.