கூழாங்கல் குகையும் பூநாரையும்

திருவள்ளூர் மாவட்டத்து ஆர்.கே.பேட்டையின் தறிச் சத்தத்தை விட்டுக் கிழக்கே போனால், பூண்டிக்கு அருகே காட்டுக்குள் குடியம் குகை. கூழாங்கற்கள் இறுகி உண்டான பாறைக்கூரை. அண்ணாந்து பார்க்கக் கொஞ்சம் பயம்தான். பக்கத்து அத்திரம்பாக்கத்தில் கிடைத்த கற்கருவிகளுக்குச் சுமார் 15 லட்சம் வயது.

மாவட்டத்தின் மறுகோடி பழவேற்காடு. சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் பெரிய உப்பங்கழி. குளிர்காலத்தில் முழங்கால் ஆழச் சேற்றில் பூநாரைகள் தலையைக் கவிழ்த்து, அலகால் நீரை வடிகட்டித் தின்னும். அவற்றின் இளஞ்சிவப்பு பிறவி நிறமல்ல. தின்னும் பாசியும் சிற்றுயிர்களும் தந்தது. குஞ்சுகள் சாம்பல் நிறம்தான். அங்குள்ள டச்சுக்காரர் கல்லறைகளை மட்டும் பார்த்துவிட்டு, மீன் வறுவலோடு திரும்புகிறவர்கள் பாவம்! டிசம்பர், ஜனவரியில் விடியற்காலையிலேயே போங்கள், தொலைநோக்கி அவசியம்.