பொறிக்கும் கையறுநிலை உண்டோ?

கழிந்தாரை நினைந்து எஞ்சியோர் புலம்புவது கையறுநிலை. இலக்கணம் பயின்றோர் அனைவரும் இதனை ஒப்புவர். ஆயின், கழிந்தது ஓர் ஆளாக இல்லாமல், உயிரற்ற ஒரு பொறியாக இருப்பின், அதற்கு இரங்கி எழுதுவது தமிழ் மரபுக்கு ஏற்குமா? சிங்கப்பூரில் காத்தோங் வட்டாரத்தைச் சேர்ந்த மாணவன் ஒருவன் எழுதிய பள்ளிக் கட்டுரையால் இவ்வினா தமிழாசிரியர் சிலரிடையே எழுந்துள்ளது.

மாணவனுக்கு வயது 15. தலைப்பு, 'நான் இழந்த ஒன்று'. உடன் பயின்றோர் பாட்டியையும் வளர்த்த பூனையையும் பற்றி எழுத, இவன் தன் வீட்டிலிருந்த பழைய வீடியோ விளையாட்டுப் பெட்டி இயங்காமல் நின்றுபோனதை எழுதினான். ஆசிரியர், 'மொழி நன்று. பொருள் இரங்கத் தக்கதன்று' எனச் சிவப்பு மையால் குறித்து 30க்கு 14 மதிப்பெண் அளித்தார். தாள் கைமாறிச் சென்றபோது படித்தவர் இரு கட்சியாகப் பிரிந்தனர்.

ஆசிரியரின் கட்சியை எளிதாகத் தள்ளிவிடலாகாது. தொல்காப்பியர் புறத்திணையியலில் கையறுநிலையைக் காஞ்சித்திணையின் பகுதியாக வைத்து, கழிந்தோர்க்கும் ஒழிந்தோர்க்கும் இடையிலான தொடர்பாகவே கூறினார். பிற்கால இலக்கணமும் இவ்வழியிலேயே சென்றது. 'இன்று பெட்டிக்கு அழுபவன் நாளை செருப்புக்கும் அழுவான். பெருந்துயர்க்கென்று வைத்த சொற்களைச் சிறு துயர்க்குச் செலவிட்டால், உண்மையாகவே அழவேண்டிய நாளில் எதைக் கொண்டு அழுவது?' என அக்கட்சியார் கேட்கின்றனர். இது வெறும் பழமைப்பற்றன்று. சொற்களின் மதிப்பைக் காக்க நினைப்பவரின் கேள்வி.

எனினும் இலக்கணத்தை முழுமையாகப் பார்த்தல் வேண்டும். அதே தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அழுகை பிறக்கும் நிலைக்களன்களை நான்காக்கி, இளிவு, இழவு, அசைவு, வறுமை என வகுத்தார். இவற்றுள் இழவு என்பதை உரையாசிரியர்கள் சுற்றத்தாரை இழத்தல் என்ற அளவில் நிறுத்தவில்லை. பொருளை இழத்தலையும் அதனுள் அடக்கினர். ஆகவே, பொருளிழவால் அழுகை பிறக்கும் என்பது இலக்கணம் அறியாத செய்தியன்று. அவ்வழுகைக்குக் கையறுநிலை என்று பெயர் சூட்டலாமா என்பது மட்டுமே வழக்கு. பெயர் வழக்கைப் புலவர் மன்றத்துக்கு விட்டு, கட்டுரை நல்லதா அன்றா என்று பார்ப்பதே திறனாய்வாளர் வேலை.

பெட்டியின் வரலாறு மாணவனின் வரலாற்றினும் நீண்டது. சப்பானிய நிந்தெந்தோ நிறுவனம் 1983 சூலையில் வெளியிட்ட 'ஃபாமிகாம்' அது. வெள்ளையும் அரக்குச் சிவப்புமான நெகிழிப் பெட்டி. பின்புறத்திலிருந்து வரும் கம்பிகளோடு பிரிக்க இயலாதவாறு பிணைந்த இரு கைப்பிடிகள். மேலே கேசட்டைச் செருகும் வாய். உலகெங்கும் பல வடிவங்களில் 6 கோடிக்கு மேல் விற்ற இவ்வகைப் பெட்டியைச் செய்வதை நிறுவனம் 2003இல் நிறுத்திற்று. உதிரிப் பொருள் தீர்ந்ததனால் 2007இல் பழுது பார்ப்பதையும் கைவிட்டது. காத்தோங் வீட்டிற்கு அதனை வாங்கி வந்தவர் மாணவனின் பெரியப்பா. அப்போது மாணவனின் தந்தை தொடக்கப்பள்ளிச் சிறுவர்.

கட்டுரையின் சிறந்த பகுதி இங்கேதான் தொடங்குகிறது. பெட்டியின் வெள்ளை மஞ்சளாகிப் போனதை மாணவன் குறிக்கிறான். அதிலும் மேற்பகுதி மிகுதியாகவும் பக்கங்கள் குறைவாகவும் மஞ்சளித்தன என்று பிரித்துக் காட்டுகிறான். முதற் கைப்பிடியில் ஒரு பொத்தானின் எழுத்து தேய்ந்து மறைந்ததையும், அது எந்த எழுத்து என்று தந்தைக்குக்கூட நினைவில்லாததையும் சொல்கிறான். இரண்டாம் கைப்பிடிக்கு வருகிறான். ஃபாமிகாமின் இரண்டாம் கைப்பிடியில் ஆட்டத்தைத் தொடங்கும் பொத்தான் கிடையாது. அதற்குப் பதில் சிறு ஒலிவாங்கி ஒன்று உண்டு. ஆட்டத்தைத் தொடங்கும் உரிமை என்றும் மூத்தவனுக்கே. இளையவன் கத்தலாம், அவ்வளவே. 'அப்பா சிறுவயது முழுவதும் இரண்டாவதைத்தான் பிடித்தார். என்னோடு ஆடும்போதும், நான் கேட்காமலே இரண்டாவதை எடுத்துக்கொள்வார்' என்று மாணவன் எழுதுகிறான். தமையன் தம்பி உறவைப் பற்றிப் பல பக்கம் எழுதினும் இவ்விரு வாக்கியங்களுக்கு ஈடாகாது.

அடுத்து, ஊதுதல். கேசட்டு வேலை செய்யாவிடின் அதனை வெளியே எடுத்து, வாயருகே வைத்து ஊதிச் செருகுவது அக்காலச் சிறுவர் அனைவரும் அறிந்த வைத்தியம். காத்தோங்கில் கற்றதும் சென்னையில் கற்றதும் அதுவே. பெரியப்பா தந்தைக்குக் கற்பித்தார். தந்தை மகனுக்குக் கற்பித்தார். உண்மை என்னவெனில், ஊதியதால் பெட்டி உயிர்பெறவில்லை. எடுத்துத் திரும்பச் செருகியதால் உலோகப் பற்கள் சரியாகப் பொருந்தின. பயன் அதனால் விளைந்தது. மூச்சிலுள்ள ஈரமோ பற்களை அரிக்கும். ஊத வேண்டா என்று நிறுவனமே எச்சரித்திருந்தது. இச்செய்தியை மாணவன் பெட்டி நின்றபின் பழுது பார்ப்பவரிடமிருந்து அறிகிறான். 'அப்படியானால் இத்தனை ஆண்டும் நாங்கள்தான்' என்று தொடங்கிய வாக்கியத்தை அவன் முடிக்கவில்லை. ஆசிரியர் இப்பத்தியின் ஓரத்தில் 'தேவையற்ற செய்தி' என்று எழுதி, முடியாத வாக்கியத்தின் அடியில் கோடிட்டார். கட்டுரையில் தேவையான செய்தி ஒன்று உண்டெனில் அது இதுவே. அன்பு செய்த கையே கேட்டையும் செய்தது என்பதை விளக்காமல் விட்ட இடத்தில் வாக்கியம் முறிந்தது குற்றமாகாது.

புறநானூற்றின் 95ஆம் பாட்டை இங்கு நினைத்தல் தகும். அதியமானின் தூதாகச் சென்ற ஔவையார், தொண்டைமானின் படைக்கலங்கள் பீலியும் மாலையும் அணிந்து நெய் பூசப்பெற்று அழகாக இருப்பதையும், தம் தலைவனின் வேல்கள் நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடப்பதையும் ஒப்பிட்டார். புகழ்வது போல் இகழ்ந்த அங்கதம் என்று வகுப்பறையில் சொல்லி முடித்துவிடுகின்றனர். அங்கதம் உண்மையே. ஆனால் அதற்கு அடியில் வேறொரு கருத்தும் கிடக்கிறது: பழுதே பயன்பாட்டின் சான்று. நாள்தோறும் தீட்டித் தீட்டி அலகு பாதியாகத் தேய்ந்த பால்மரக் கத்தியைப் பார்த்தவர்க்கு இப்பாட்டுக்கு உரை வேண்டியதில்லை. எழுத்துத் தேய்ந்த பொத்தானைக் கண்ட மாணவனின் கண், ஔவையார் பட்டறையைப் பார்த்த கண்ணுக்கு அந்நியமானதன்று.

இனி எதிர்க்கட்சியார் கூற்று. கட்டுரையின் நடுவே, துணைவாக்கியம் ஒன்றில், பெரியப்பா இரண்டாண்டுக்கு முன் காலமானார் என்ற செய்தி வருகிறது. இதனைக் கண்டவர், 'பெட்டிக்கு அழவில்லை, பெரியப்பாவுக்கே அழுகிறான். ஆகவே கையறுநிலையே' என வாதிடுகின்றனர். குடவாயில் கீரத்தனார், ஒல்லையூர்ப் பெருஞ்சாத்தன் இறந்தபின் மலர்ந்த முல்லையை நோக்கிக் கேள்வி கேட்டதையும் (புறம் 242) சான்று காட்டுகின்றனர். இவ்வாதம் அழகியது, ஆயினும் முழுதும் சரியன்று. பெட்டியை நீக்கிவிட்டுப் பெரியப்பாவை வைத்தால் மதிப்பெண் கூடும் என்பது, மாணவனின் துயரைத் திருத்தி எழுதுவதாகும். அவன் பெட்டியைத்தான் எழுதினான். புறம் 113இல், பாரியின் மறைவுக்குப்பின் பாரிமகளிரோடு புறப்படும் கபிலர் பறம்பு மலையையே விளித்துத் தொழுது விடைபெறுகிறார். கள்ளுச் சாடி திறந்ததும், கிடாய் வீழ்ந்ததும், சோறும் ஊனும் குறையாது வந்ததும் ஆகிய அம்மலையின் வாழ்வை எண்ணிச் சொல்கிறார். பாரியை நினைக்க மலை ஒரு கருவி மட்டுமெனில், பாரியையே விளித்துப் பாடியிருப்பார். ஆளும் பொருளும் ஒன்றில் ஒன்று ஊறிப்போனபின், இது அவருக்கு, இது இதற்கு என்று கண்ணீரைப் பங்கிட இயலுமா?

சிறு பொருளைப் பாடத் தமிழ்ப் புலவர் நாணியதும் இல்லை. புகையிலையைத் தூதனுப்பிய சீனிச்சர்க்கரைப் புலவரின் நூலை உ.வே. சாமிநாதையரே பதிப்பித்தார். அது நகைச்சுவை என்பர். ஆம், நகைக்கு இடம் தந்த மொழி அழுகைக்கு மட்டும் கதவடைக்குமோ?

பிற நாட்டார் வழக்கமும் காணத்தக்கது. சப்பானில் முறிந்த ஊசிகளை ஆண்டுக்கொரு நாள் மெத்தென்ற சோயாத் தயிர்க்கட்டியில் குத்தி நன்றி கூறும் சடங்கு நெடுங்காலமாக உண்டு. சோனி நிறுவனம் 1999இல் விற்கத் தொடங்கிய 'ஐபோ' என்னும் பொறிநாயைச் செய்வதை 2006இல் நிறுத்தி, 2014இல் பழுதுபார்ப்பையும் நிறுத்தியது. அதன்பின், சிபா மாநிலத்து இசுமி நகரின் பௌத்தக் கோயிலொன்றில் 2015 முதல் அந்நாய்களுக்கு வரிசையாக இறுதிச் சடங்கு நடந்தது. எந்த ஊர், எந்த வீடு என்று எழுதிய சீட்டு ஒவ்வொன்றிலும் கட்டப்பட்டது. சடங்கு முடிந்தபின் அவற்றின் உறுப்புகளைக் கழற்றி, நோயுற்ற வேறு நாய்களுக்குப் பொருத்தினர். தமிழரோ ஆயுத பூசையன்று பொறிக்குப் பொட்டும் பூவும் வைப்பர். சிராங்கூன் சாலையில் வாடகைக் காருக்கும் மாலை உண்டு. உழைக்கும் பொறிக்கு வழிபாடு உண்டு. ஓய்ந்த பொறிக்குக் காயலான் கடை. இடையில் ஒரு சொல்லும் இல்லை. அந்த இல்லாத சொல்லைத் தேடியே மாணவன் எழுதினான் எனலாம்.

உறுப்பு மாற்றம் அவன் கட்டுரையிலும் வருகிறது. ரோச்சோர்ப் பக்கத்துக் கடைக்காரர், மின்தேக்கிகளை மாற்றலாம், ஆனால் பெட்டிக்கென்றே செய்த சில்லு செத்துவிட்டது, அது இப்போது எங்கும் செய்யப்படுவதில்லை, வேறொரு பெட்டியிலிருந்து எடுத்துத்தான் போடவேண்டும் என்கிறார். முன்பாயின் தந்தை சுங்கை சாலைப் பழம்பொருட் சந்தையில் அத்தகைய பெட்டியைத் தேடியிருப்பார். அச்சந்தை 2017 சூலை 10இல் மூடப்பட்டது. கடைக்காரர் வேறிடத்தில் வாங்கித் தருவதாகச் சொல்லியும் தந்தை மறுக்கிறார். மாணவன் காரணம் கேட்கவில்லை. 'அப்போது அது யார் வீட்டுப் பெட்டி?' என்று மட்டும் எழுதுகிறான்.

காத்தோங்கைப் பற்றி ஒரே வரிதான் உள்ளது. சிலோன் சாலை செண்பக விநாயகர் கோயிலுக்கு அருகிலிருந்து தாத்தா கடலுக்கு நடந்தே போவாராம். இப்போது கடல் தூரமாம். 1966இல் தொடங்கிய கிழக்குக் கரை நிலமீட்பு அக்கடலைத் தள்ளிவைத்தது. சூ சியாட் வட்டாரத்துப் பழைய கடைவீடுகளின் முகப்பை 1993 முதல் அரசு பாதுகாத்து வருகிறது. அது நல்ல செயலே. வீட்டின் முகப்பைக் காக்க ஆணை உண்டு, கூடத்தில் இருந்ததைக் காப்பார் யார் என்ற எண்ணம் படிப்பவர்க்கு எழும். மாணவனுக்கு அது தோன்றவில்லை. தோன்றியிருந்தால் ஒரு பத்தி கூடுதலாக எழுதியிருப்பான். இது கட்டுரையின் உண்மையான குறை.

வேறு குறைகளும் உள்ளன. தொடக்கத்தில் 'ஆறாத் துயரில் ஆழ்ந்தேன்', 'கண்ணீர்க் கடலில் மூழ்கினேன்' என வருவன எல்லாம் மாதிரிக் கட்டுரை நூலிலிருந்து வந்தவை. பெட்டியைத் தாய்க்கு ஒப்பிட்ட இடம் நகைப்பையே தரும். 'மொழி நன்று' என்று ஆசிரியர் பாராட்டியது இப்பகுதியைத்தான் என்பது அவர் இட்ட சரிக் குறிகளால் தெரிகிறது. வாங்கிய சொல்லுக்கு மதிப்பெண்ணும், கண்ட செய்திக்குச் சிவப்புக் கோடும் கிடைக்குமாயின், அடுத்த முறை அம்மாணவன் எதை எழுதுவான்? 2010ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சிங்கப்பூர் இந்தியரில் 100க்கு ஏறத்தாழ 37 பேர் வீட்டில் தமிழையே மிகுதியாகப் பேசினர். 2020இல் அது 28 ஆயிற்று. ஆங்கிலமே பெரும்பாலும் ஒலிக்கும் வீட்டிலிருந்து வருபவன், தனக்கு மிக வேண்டிய ஒன்றைத் தமிழில் சொல்ல முன்வந்தான். பொருள் தகாது என்று திருப்பியனுப்பினால் அவன் அதனை ஆங்கிலத்தில் சொல்லிக்கொள்வான். தமிழுக்குப் பாட்டியும் பூனையும் மட்டுமே எஞ்சும்.

முடிவுரை மிக மோசம். காலம் பொன் போன்றது, விளையாட்டில் வீணாக்கலாகாது, பழையன கழிதல் இயற்கை என ஒன்பது வரிகள். தேர்வுக் கட்டுரைக்கு அறிவுரை வேண்டும் என யாரோ பழக்கியதன் விளைவு. அதற்கு முன்னுள்ள வாக்கியம் இது: 'அப்பா வழக்கம்போல் கம்பிகளைச் சுற்றி, பெட்டியை அலமாரியில் அதே இடத்தில் வைத்தார், முதல் கைப்பிடியை மேலே வைத்தார்.' கட்டுரை அங்கே முடிந்துவிட்டது. பின்வரும் ஒன்பது வரிகளை அடிக்கச் சிவப்பு மை பயன்பட்டிருக்கலாம்.