பேடாக் வேலியோரம்

ரேஸ் புத்தகத்தை முந்தின இரவே படித்துவிடலாம். நல்ல குதிரைக்குக் கூடுதல் எடை ஏற்றிச் சமன்செய்வது ஹேண்டிகேப். அதையும் மீறி எது முந்தும் என்று கணிப்பதில்தான் ருசியே இருக்கிறது. தமிழக அரசின் 1974-ஆம் ஆண்டு குதிரைப் பந்தய ஒழிப்புச் சட்டம் பற்றிய வழக்கில், அந்தப் பந்தயம் திறமை சார்ந்தது என்று உச்ச நீதிமன்றம் 1996-ல் சொன்னது. மிகச் சரி.

அந்தத் திறமையைக் கிண்டி ரேஸ் மைதானத்தில் பேடாக் வேலியோரம்தான் பார்க்க வேண்டும். பந்தயத்துக்கு முன் குதிரைகளை அங்கேதான் சுற்றி நடத்துவார்கள். பின்னங்கால், முன்னங்கால் பதிந்த தடத்தைத் தாண்டி விழுகிறதா? ரோமம் மினுங்குகிறதா? சென்னை வெயிலில் கழுத்து வியர்ப்பது இயல்புதான். தொடைகளுக்கு நடுவே வெள்ளை நுரை தள்ளினால் மட்டும், எத்தனை பெரிய ஜாக்கி ஏறினாலும் நான் அந்தக் குதிரையைத் தொடமாட்டேன்.