பாக்கின் பாடற்குழுவில் எத்தனை பேர்?

1981-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் பாஸ்டன் நகரில் கூடிய அமெரிக்க இசையியலார் கழகத்தின் மாநாட்டில் ஜோஷுவா ரிஃப்கின் என்னும் ஆய்வாளர் ஒரு கட்டுரையை வாசித்தார். யோஹான் செபஸ்தியான் பாக் (1685–1750) லைப்சிக் நகர ஆலயங்களுக்கென இயற்றிய கண்டாத்தாக்களையும் பாடுகளின் இசைகளையும் பெரிய பாடற்குழு பாடவில்லை. சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ் என்னும் நான்கு குரல்களுக்கும் ஒவ்வொருவராக நால்வரே பெரும்பாலும் பாடினர் என்பது அக்கட்டுரையின் துணிபு. அதன் சாரம் அடுத்த ஆண்டில் லண்டன் ‘மியூசிக்கல் டைம்ஸ்’ ஏட்டில் வெளிவந்தது. அதே முறையில் அவர் நடத்திய பி மைனர் மாஸ் இசைத்தட்டும் அதே ஆண்டில் வெளிவந்தது. 2000-இல் ஆண்ட்ரூ பாரட் என்னும் ஆங்கில இசை நடத்துநர் இக்கொள்கைக்கு அரணாக ஒரு தனி நூல் எழுதி, ரிஃப்கினின் முதற்கட்டுரையைப் பின்னிணைப்பாகச் சேர்த்தார். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் வழக்கு தீர்ந்தபாடில்லை.

இசையியலார் தமக்குள் நடத்தும் இவ்வழக்கில் இறையியல் மாணவருக்கு என்ன பங்கு என்று கேட்கலாம். ரிஃப்கின் கையாளும் முறை நமக்கு அந்நியமானதன்று. புதிய ஏற்பாட்டுக் கையெழுத்துப் பிரதிகளை ஒப்புநோக்கி, வழிவழியாக ஏற்கப்பட்ட பாடத்தை ஐயுற்று ஆராய்வோர் செய்யும் வேலையையே அவர் இசைத் தாள்களின்மேல் செய்கிறார். 1975-இல் இதே முறையால், மத்தேயு பாடுகளின் இசை முதன்முதல் பாடப்பெற்றது 1729-இல் என்று நெடுங்காலம் நம்பப்பட்டதை மறுத்து, அது 1727-ஆம் ஆண்டுப் பெரிய வெள்ளிக்கிழமையன்றே என்று எடுத்துக் காட்டினார். அம்முடிவை இன்று ஆய்வாளர் பொதுவாக ஏற்கின்றனர். ஆகவே அவரை வேடிக்கைக்காகப் பேசுபவர் என்று தள்ளிவிட இயலாது.

அவருடைய சான்று எளியது. பாக்கின் இசையைப் பாடியோர் முழு இசைப் படியைக் கையில் வைத்துப் பாடவில்லை. அவரவர் குரலுக்குரிய பகுதி மட்டும் தனித்தாளில் எழுதிக் கொடுக்கப்பட்டது. அத்தாள்கள் பெருந்தொகையாக எஞ்சியுள்ளன. ஒவ்வொரு இசைக்கும் ஒவ்வொரு குரலுக்கு ஒரு தாள் வீதமே பெரும்பாலும் இருக்கிறது. அந்த ஒரு தாளிலேயே தனிப்பாடலும் கூட்டுப்பாடலும் தொடர்ந்து எழுதப்பட்டிருக்கின்றன. இவ்விடத்தில் மற்றவர் சேர்க, இவ்விடத்தில் நிறுத்துக என்னும் குறிப்பு இல்லை. மிகுதியாகப் பாடகர் தேவைப்பட்டபோது பாக் அவர்களுக்கென்று கூட்டுப்பாடல்கள் மட்டும் அடங்கிய வேறு தாள்களை எழுதுவித்தார். 1708-இல் ம்யூல்ஹவுசன் நகர மன்றத்துக்காக இயற்றிய கண்டாத்தாவிலும், யோவான் பாடுகளின் இசையிலும் இத்தகைய தாள்கள் உண்டு. உண்டென்பதே ரிஃப்கினுக்குத் துணை. எழுதுவிக்க அறிந்தவர் மற்ற இடங்களில் எழுதுவிக்காதது ஏன் என்று அவர் வினவுகிறார். முற்கால ஆய்வாளர் ஆர்னல்ட் ஷேரிங், ஒரு தாளை மூவர் சுற்றி நின்று பார்த்துப் பாடினர் என்று 1936-இல் எழுதியிருந்தார். பன்னிருவர் குழு என்னும் எண்ணம் அங்கிருந்தே வேரூன்றியது. ஆனால் அவ்வாறு மூவர் பார்த்துப் பாடினால், தனிப்பாடல் வரும்போது மற்ற இருவர் எப்பொழுது வாய்மூடுவது, எப்பொழுது திறப்பது என்பதைத் தாள் சொல்லவேண்டும். அது சொல்லவில்லை.

எதிர்த்தரப்பினர் கையில் உள்ள வலிய ஆயுதம், பாக் 1730 ஆகஸ்ட் 23 அன்று லைப்சிக் நகர மன்றத்துக்கு எழுதிய விண்ணப்பம். ஆலய இசை நன்கு நடைபெற ஒவ்வொரு குரலுக்கும் குறைந்தது மூவர் வேண்டும், நால்வர் கிடைத்தால் மேலும் நன்று என்று அதில் அவரே கேட்கிறார். தோமா பள்ளியின் விடுதி மாணவரை அவர் அங்கே தரம்பிரிக்கும் விதம் எந்தப் பாடற்குழுத் தலைவரும் பெருமூச்சுடன் படிக்கத்தக்கது: பயன்படுவோர் 17 பேர், இன்னும் தேறாதோர் 20 பேர், தகுதியற்றோர் 17 பேர். இவர்களைக் கொண்டு நான்கு ஆலயங்களுக்குப் பாடகர் அனுப்பவேண்டும்!

ரிஃப்கின் இவ்விண்ணப்பத்தை வேறுவிதமாகப் படிக்கிறார். மூவர் கேட்பதற்குப் பாக் கூறும் காரணம், ஒருவர் நோயுற்றாலும் குரலுக்கு இருவர் மிஞ்சி, எட்டுக் குரலில் அமைந்த இரட்டைக்குழு மொட்டெட்டைப் பாடக்கூடும் என்பதே. எட்டுக் குரலுக்கு எட்டுப் பேர் என்றால் அங்கும் குரலுக்கு ஒருவரே. ஆக, பன்னிருவர் என்பது பள்ளி வைத்திருக்கவேண்டிய ஆட்பட்டியல். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரே இசையைப் பாடுவோர் தொகை என்று கொள்ளலாகாது என்கிறார். நுட்பமான வாசிப்பு. மொட்டெட்டைப் பொறுத்தவரை நான் அதை ஏற்கிறேன். ஆனால் அதே பத்தியிலிருந்து கண்டாத்தாவுக்கும் முடிவு காண்பது ஒரு படி தாண்டுவதாகும். எஞ்சியுள்ள தாள்களே முதலில் இருந்த தாள்கள் அனைத்தும் என்று கொள்வதற்கும் இல்லை. 1750-இல் பாக் இறந்தபின் அவர் சொத்து பிள்ளைகளிடையே பங்கிடப்பட்டபோது தாள்களும் சிதறின. டச்சு இசைஞர் டான் கூப்மன் தொண்ணூறுகளில் ரிஃப்கினோடு நடத்திய வாதத்தில் இத்தகைய ஐயங்களை வன்மையாக எழுப்பினார். ‘பெரும்பாலும் நால்வர்’ என்பது நிறுவப்பட்டது, ‘எப்பொழுதும் நால்வர்’ என்பது நிறுவப்படவில்லை என்பதே என் தீர்ப்பு. ரிஃப்கினைப் பின்பற்றுவோர் சிலர் இவ்வேறுபாட்டை மறந்துவிடுகின்றனர்.

இனி, போதகர்கள் கவனிக்கவேண்டிய இடத்திற்கு வருவோம். மத்தேயு பாடுகளின் இசைக்கு 1736-இல் எழுதப்பட்ட தாள்கள் இன்றும் உள்ளன. இரு குழுக்கள்; குழுவுக்கு நான்கு குரல்; பேதுரு, யூதாஸ் முதலிய சிறு பாத்திரங்களுக்குத் தனிச் சிறு தாள்கள். முதற்குழுவின் பேஸ் பாடகர் கையிலிருந்த தாளைப் பாருங்கள். இயேசுவின் வார்த்தைகள் அனைத்தும் அதில் உள்ளன. அதே தாளில், காட்டிக்கொடுப்பவன் தாமோ என்று சீஷர்கள் கேட்கும் கூட்டுப்பாடலும் உள்ளது. பிலாத்துவின் முன்றிலில் அவரைச் சிலுவையில் அறையும்படி கூக்குரலிடும் கூட்டத்தாரின் பகுதியும் அதே தாளில், அதே மனிதர் பாடவேண்டியதாக உள்ளது. நற்செய்தியை உரைக்கும் டெனர் பாடகருக்கும் இவ்வாறே. இயேசுவின் சொல்லைப் பாடிய வாய் சற்றுநேரத்தில் அவருக்கு மரணம் கேட்கிறது. பின்பு அதே வாய் சபையின் பாவ அறிக்கையாகிய ஞானப்பாட்டைப் பாடுகிறது.

இதைப் பாக் இறையியல் நோக்கோடு செய்தார் என்று நான் சொல்லவில்லை. பாடகர் தட்டுப்பாடே காரணமாக இருக்கலாம். ஆயினும், குற்றம் சுமத்துவோர் எங்கோ தொலைவில் நிற்கும் ஒரு சாதியார் என்று எண்ணிக்கொள்ள இம்முறை இடங்கொடுப்பதில்லை. பாடுகளின் இசைகளில் யூதர்மேல் பழிசுமத்தும் தொனி உண்டா என்னும் வினா கடந்த நூற்றாண்டின் பெருங்கொடுமைக்குப்பின் ஜெர்மன் திருச்சபைகளை வருத்திய ஒன்று. அவ்வினாவுக்கு இத்தாள் முழு விடையாகாது. என்றாலும் அதைப் பேசுவோர் இத்தாளையும் மேசைமேல் வைத்துப் பேசவேண்டும்.

அப்படியானால் இயேசு ஒருபுறமும் பெருங்கூட்டம் மறுபுறமுமாக நிற்கும் அமைப்பு எங்கிருந்து வந்தது? 1829 மார்ச் 11 அன்று பெர்லின் பாடற்கழகத்தின் மண்டபத்தில் இருபது வயது பெலிக்ஸ் மெண்டல்சன் இவ்விசையை மீண்டும் உயிர்ப்பித்தார். நூற்றைம்பதுக்கு மேற்பட்டோர் பாடினர். ஏரியாக்களில் பெரும்பாலானவற்றையும் ஞானப்பாட்டுகளில் சிலவற்றையும் மெண்டல்சன் விட்டுவிட்டார். இயேசுவின் பகுதியை எடுவர்ட் டெவ்ரியன்ட் என்னும் ஆபேராப் பாடகர் தனித்து நின்று பாடினார். ஆராதனை நுழைவுச் சீட்டு விற்கும் கச்சேரியாயிற்று. பேஸ் பாடகர் கூட்டத்திலிருந்து பிரிந்து தனிப்பாடகரானார். மெண்டல்சனை நான் குறைகூறவில்லை. அவரன்றி இவ்விசை இன்னும் எத்தனை காலம் அலமாரியில் கிடந்திருக்குமோ!

உலகெங்கும் சென்றது இந்தப் பெர்லின் உருவமே. இங்கிலாந்து அதை ஏற்க ஏற்கெனவே ஆயத்தமாயிருந்தது. ஹாலே நகரிற் பிறந்த ஹேண்டலின் இசையை 1784-இல் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் ஐந்நூறு பேருக்குமேல் கூடி இசைத்தனர். 1859-இல் லண்டன் பளிங்கு மாளிகையில் பாடகர் மட்டும் ஈராயிரத்தைத் தாண்டினர். மெண்டல்சன் தம் ‘எலியா’வை 1846-இல் பர்மிங்காம் இசை விழாவுக்கென்றே எழுதினார். பாக்கை ஆங்கிலேயருக்கு முதலில் விடாப்பிடியாக எடுத்துச் சொன்னவர், பாமாலை ஆசிரியர் சார்ல்ஸ் வெஸ்லியின் மகன் சாமுவேல் வெஸ்லி. தம் மகனுக்கு செபஸ்தியான் என்று பெயர்சூட்டும் அளவுக்குப் பற்று. 1854-இல் மத்தேயு பாடுகளின் இசை லண்டனில் பாடப்பெற்றது. 1876-இல் ஹாம்பர்க்கிற் பிறந்த, மெண்டல்சனின் மாணவரான ஓட்டோ கோல்ட்ஷ்மிட் பெரிய பாடற்குழுவொன்றைத் திரட்டி பி மைனர் மாஸ் முழுவதையும் நடத்தினார். அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் பெத்லகேம் நகரில், ஜெர்மன் மொரேவியர் வழிவந்த சபையின் ஆலயத்தில், அது முழுமையாக ஒலித்தது 1900-இல். அங்கும் பாடியது பெருங்குழுவே. நூல்வழியிலும் இதே போக்குத்தான். பாக்கின் வாழ்க்கை வரலாற்றை 1873 முதல் 1880 வரை இரு தொகுதிகளாக வெளியிட்ட பிலிப் ஸ்பிட்டா, பாமாலை இயற்றிய லுத்தரன் போதகர் ஒருவரின் மகன். அந்நூல் விரைவில் ஆங்கிலமாகி, பாக் என்றால் திருச்சபை, திருச்சபை என்றால் பெருங்குரல் என்னும் எண்ணத்திற்கு ஆதாரமாயிற்று.

இதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே ஜெர்மன் இசை வேறொரு வழியாகக் கடல் கடந்திருந்தது; அவ்வழி நமக்கு நெருங்கியது. 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு ஹாலேயின் பக்தி இயக்கத்தில் வளர்ந்தவர். ஃப்ரைலிங்ஹவுசன் 1704-இல் ஹாலேயில் வெளியிட்ட ஞானப்பாட்டுத் தொகுதி அவ்வியக்கத்தின் கைநூல். அவ்வியக்கத்தாருக்குப் பல்குரல் ஆலய இசைமேல் பெரிய மதிப்பில்லை. சபையார் அனைவரும் ஒரே மெட்டில் பாடுவதையே விரும்பினர். ஆகவே தமிழ் லுத்தரன் சபைகளுக்கு வந்தது மெட்டு, பாடற்குழு வரவில்லை. அம்மெட்டுகளோடு, தஞ்சையில் சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்த வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகள் பின்னாளில் வந்து சேர்ந்தன. நான்கு குரல் பாடற்குழு ஆங்கிலேய மிஷன்களின் வழியாகவே நம்மிடையே பெரிதும் பரவியது. ஹாலேயின் மெட்டும் பெர்லினின் பெருங்குழுவும் கடல் கடந்தன. பாக் இருபத்தேழு ஆண்டுகள் லைப்சிக்கில் நடத்திய முறை ரிஃப்கினின் காலம்வரை எங்கும் சென்றதாகத் தெரியவில்லை. ஜெர்மன் செல்வாக்கு என்று பொதுவாகப் பேசுவோர் எந்த ஊர், எந்த ஆண்டு என்று பிரித்துக் கேட்கவேண்டியதை இவ்வாய்வு நமக்குக் கற்பிக்கிறது.

ரிஃப்கினிடம் எனக்குள்ள குறைகள் வேறு. அவருடைய இசைத்தட்டில் சோப்ரானோ பாடியோர் பயிற்சிபெற்ற பெண்கள். லைப்சிக்கில் பாடியவரோ பள்ளிச் சிறுவர். எண்ணிக்கையில் இத்துணைக் கண்டிப்புக் காட்டுபவர் குரலில் ஏன் காட்டவில்லை? இதற்குமேல் ஒன்று. பெரிய வெள்ளியன்று மாலை ஆராதனையில் பாடுகளின் இசை இரு பாகமாகப் பாடப்பெற்றது; இடையே பிரசங்கம் இருந்தது. ஞாயிறு ஆராதனை காலை ஏழு மணிக்குத் தொடங்கும். பிரசங்கம் மட்டும் ஒரு மணிநேரம். பிரசங்கத்தை நீக்கியபின் பாடகரை நான்காகக் குறைத்தாலும் நானூறாகப் பெருக்கினாலும் அது கச்சேரியே. பெர்லின் மண்டபத்திலிருந்து பாக்கை மீட்டு ஒலிப்பதிவு அறையில் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். ஆலயம்வரை இன்னும் வரவில்லை. இதை இசையியலார்மேல் குற்றமாகச் சாற்றுவது முறையாகாது. அது நம் வேலை.

நால்வர் போதும் என்று கேட்டவுடன் கிராமச் சபைப் போதகர் மகிழ்வதற்கும் அவசரம் வேண்டாம். அந்த நால்வர் நாடோறும் பயிற்சி பெற்றவர். தவறினால் மறைந்துகொள்ள அருகில் வேறொருவர் இல்லாதவர். கிறிஸ்துமஸ் பாடற்குழுவில் எத்தனை பேர் நின்றனர் என்று எண்ணிப் பெருமைகொள்ளும் நம் நகரச் சபைகள் அதைவிட எளிதான வழியையே தேர்ந்துள்ளன.

பெரிய வெள்ளி ஆராதனையில் பாடுகளின் வரலாற்றைப் பலர் பகிர்ந்து வாசிக்கும் வழக்கம் நம் சபைகள் சிலவற்றில் உண்டு. அங்கே இயேசுவின் பகுதியை வாசிப்பவரைத் தனியே ஒரு புறமாக நிறுத்துகிறோம். கூட்டத்தாரின் கூக்குரல் வரும்போது அவர் வாய்திறப்பதில்லை. பெரும்பாலும் அந்தப் பகுதி போதகருக்கே ஒதுக்கப்படுகிறது. 1736-ஆம் ஆண்டுத் தாளைப் பார்த்த ஒருவர், வரும் பெரிய வெள்ளிக்கு அப்பகுதிகளைப் பங்கிடும்போது, போதகரையும் அக்கூட்டத்தில் சேர்த்து எழுதிப் பார்க்கலாம்.