சுண்ணாம்பு வெளிச்சம்

புதுச்சேரியிலிருந்து கடலூர் போகும் சாலையில் நோணாங்குப்பம் வரும். படகுத் துறைக்காக உங்களில் பலர் போயிருப்பீர்கள். நான் அங்கே ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில், ராத்திரி திறந்தவெளி மேடையில் ஒரு சமூக நாடகம் பார்த்தேன். குழுவின் பெயர் வேண்டாம், பாவம். முன்னால் இடமில்லை. ஸ்பாட்லைட்டுக்குப் போட்டிருந்த சாரத்தின் மேலேயே ஒரு நாற்காலி கொடுத்தார்கள். அதனால் நாடகத்தைவிட லைட்காரரைத்தான் அதிகம் பார்த்தேன்.

நாடகம் சுமார். கோபம் என்றால் சிவப்பு, சோகம் என்றால் நீலம், கனவு என்றால் பச்சை என்று டைரக்டர் முடிவு பண்ணிவிட்டார். கலர் தாளே நடித்துவிட்டால் நடிகருக்கு முகம் எதற்கு? லைட்காரரும் சொன்னபடி தாளை மாற்றிக்கொண்டே இருந்தார். ஆனால், ஒரு காட்சி. அம்மா கடிதத்தைப் படித்துவிட்டுப் பேசாமல் நிற்கிறாள். கலர் எதுவும் இல்லை. சூடான விளக்கைத் துணி சுற்றிய கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் வெளிச்ச வட்டத்தைச் சுருக்குகிறார். எப்போது சுருங்க ஆரம்பித்தது என்றே தெரியவில்லை. கடைசியில் முகம் மட்டும். பக்கத்தில் இருந்த எனக்கு மட்டும் தெரிந்தது: அவர் உதடு அத்தனை நேரமும் வசனத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தது. கதாநாயகன் வசனத்தை மறந்து தப்பான பக்கம் திரும்பியபோதும் வெளிச்சம் அவனுக்கு அரை அடி முன்னால் போய்க் காத்திருந்தது.

எத்தனையோ நாடக விமரிசனங்கள் எழுதியிருக்கிறேன். கதை, நடிப்பு, பாட்டு எல்லாம் முடிந்தபின் 'ஒளியமைப்பு பரவாயில்லை' என்று ஒரு வரி. உண்மையைச் சொன்னால், வெளிச்சம் தப்பாகப் போனால்தான் அப்படி ஒன்று இருப்பதே என் கண்ணில் பட்டிருக்கிறது.

நோணாங்குப்பத்து ஆற்றுக்குப் பெயர் சுண்ணாம்பாறு. சம்பந்தம் இருக்கிறது. 'லைம்லைட்' என்கிறோமே, அதில் வரும் 'லைம்' எலுமிச்சை அல்ல, சுண்ணாம்பு. ஆக்ஸிஜன், ஹைட்ரஜன் ஜுவாலையில் சுண்ணாம்புக் கட்டியைக் காய்ச்சினால் கண்ணைக் கூசும் வெள்ளை வெளிச்சம் வரும். லண்டன் கோவன்ட் கார்டன் தியேட்டரில் 1837-ல் அதை மேடைக்குக் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு விளக்குக்கும் ஓர் ஆள். எரிய எரியக் கட்டியைத் திருப்ப வேண்டும், வாயுவைச் சரிபார்க்க வேண்டும், நடிகரையும் விடக் கூடாது. புகழில் இருப்பவரை 'லைம்லைட்டில் இருக்கிறார்' என்கிறோம். கட்டியைத் திருப்பினவருக்கு அப்படி ஒரு சொலவடை இல்லை.

நம் நாட்டில் இந்த வேலைக்குப் பெயர் வாங்கித் தந்தவர் கல்கத்தாவின் தாபஸ் சென் (1924-2006). உத்பல் தத்தின் 'அங்கார்' 1959-ன் கடைசி நாளில் மினர்வா தியேட்டரில் அரங்கேறியது. நிலக்கரிச் சுரங்கத்தில் தீ. உள்ளே தொழிலாளர்கள். சுரங்கத்தைக் காப்பாற்ற நிர்வாகம் தண்ணீரைத் திறந்துவிடுகிறது. மேடையில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. வெளிச்சத்தாலேயே தண்ணீர் மட்டம் ஏறி ஆட்களை மூழ்கடிப்பதைக் காட்டினார். இசை ரவிசங்கர். அதே வருஷம் 'சேது' நாடகத்தில் வெறும் விளக்கையும் சத்தத்தையும் வைத்து ரயிலையே ஓடவிட்டார். ஊரே அந்த ரயிலைப் பார்க்க வந்தது.

இங்கேதான் எனக்கு ஒரு சங்கடம். ரயிலுக்குக் கைதட்டியவன் தண்டவாளத்தருகே நிற்கும் பெண்ணைப் பார்த்தானா? நம் ஆர்.எஸ். மனோகர் நாடகங்களின் தந்திரக் காட்சிகளுக்கு எழுந்த கைதட்டலும் இந்த ரகம்தான். குறை சொல்லவில்லை, சின்ன வயசில் நானும் வாய் பிளந்தேன். ஆனால், சுரங்கத் தண்ணீர் வேறு. அதை எடுத்துவிட்டால் நாடகத்துக்கு முடிவே இல்லை. வெளிச்சம் அங்கே கதையின் வேலையைச் செய்கிறது. அந்த அளவுகோலில் நோணாங்குப்பத்து அம்மா காட்சியையும் சேர்த்துக்கொள்வேன். கலர்க் காட்சிகளைச் சேர்க்க மாட்டேன்.

நாடகம் முடிந்ததும் எல்லோரையும் மேடைக்கு அழைத்துத் துண்டு போர்த்தினார்கள். மைக் செட்காரர், மேக்கப்காரர் உள்பட. இவர் பெயரையும் கூப்பிட்டார்கள். போகவில்லை. போர்த்துகிறவர்கள் மேல் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். கடைசி ஆள் இறங்கியதும் அணைத்துவிட்டு, விளக்கு ஆறும்வரை அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து டீ குடித்தார். எனக்கும் ஒரு கப் வந்தது.