கமோயன்ஸின் ‘லூசியாதாஸ்’: கடல்கடப்பின் நோக்கமும் கரையில் நின்ற முதியவரும்

போர்ச்சுகீசியர் கடல் கடந்து நிலங்களைக் கைக்கொண்டமைக்குச் சமயப் பரப்பலும் மிளகு வாணிகமும் காரணங்களெனக் கூறுவது வழக்கம். வாஸ்கோ ட காமாவின் 1497–98ஆம் ஆண்டுப் பயணத்தைப் பாடும் கமோயன்ஸின் ‘லூசியாதாஸ்’ (1572), சமயப் பற்றையும் நாட்டின் புகழையும் முன்னிறுத்துகிறது. எனினும் நான்காம் காண்டத்தின் இறுதியில், லிஸ்பன் கரையில் நிற்கும் முதியவர், புறப்படும் கலங்களை நோக்கி, ஆட்சி வேட்கையையும் புகழாசையையும் இடித்துரைக்கிறார். பகைவர் அருகிருக்கத் தொலைவில் உள்ளோரைத் தேடுவதேன் என வினவுகிறார். மறுமொழி கூறுவார் இலர்; கலங்கள் பாய் விரிக்கின்றன. இக்குரலை முதுமையின் அச்சமெனத் தள்ளுதல் பொருந்தாது. கோழிக்கோட்டு நிகழ்ச்சிகளைக் கூறும் எட்டாம் காண்டத்தைப் பொன்னாசையின் கேட்டைத் தம் கூற்றாகவே பழித்துக் கவிஞர் முடிக்கிறார். கோவாவில் வாழ்ந்து பேரரசை அருகிருந்து கண்டவர் அவர். எனவே இக்காப்பியத்தை வெற்றிப் பரணியாக மட்டும் கொள்வது, அது தன்னுள்ளேயே எழுப்பும் கண்டனத்தைக் கேளாது விடுவதாகும்.